சிவராத்திரிக்கு விழித்திருப்பவர்கள் கொஞ்சம் மேலேயும் பாருங்கள்

உப்புவெளியில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் தரம் 9 படிக்கிறாள். கேலக்ஸி, நெபுலா, கான்ஸ்டலேஷன் என்று மூன்று சொல்லை யூடியூப்பில் கேட்டுவிட்டு, “மூன்றும் நட்சத்திரக் கூட்டம்தானே, பிறகு ஏன் மூன்று பெயர்?” என்று நச்சரிக்கிறாளாம். இதெல்லாம் திருகோணமலையில் இருந்தே பார்க்கக்கூடியதா, ஒரு தொலைகாட்டி வாங்கிக் கொடுக்கலாமா என்பது அம்மாவின் கேள்வி.

தொலைகாட்டிக் கதையைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். அதுவரை அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

மகள் குழம்பியதில் அவள் பிழை ஒன்றும் இல்லை. நான் முப்பது வருடத்துக்குக் கிட்ட விஞ்ஞானம் படிப்பித்தவன். இந்த இடத்தில் தடுமாறாத பிள்ளையைக் கண்டதில்லை. காரணம் நம்முடைய “மண்டலம்” என்ற சொல். பத்திரிகையில் ஒரு நாள் “ஓரியன் நட்சத்திர மண்டலம்” என்று போடுவார்கள், மறுநாள் “அன்ட்ரோமீடா நட்சத்திர மண்டலம்” என்பார்கள். முதலாவது கான்ஸ்டலேஷன். இரண்டாவது கேலக்ஸி. போதாததற்கு, அன்ட்ரோமீடா என்ற பெயரில் ஒரு கான்ஸ்டலேஷனும் இருக்கிறது, அந்தக் கேலக்ஸி அதற்குள்தான் கிடக்கிறது! பெரிய ஆட்களுக்கே தலை சுற்றும். அதனால் இந்தப் பதிலில் மண்டலம் என்ற சொல்லையே தொடப்போவதில்லை. கான்ஸ்டலேஷனைக் கோலம் என்கிறேன், கேலக்ஸியைப் பேரடை என்கிறேன், நெபுலா நெபுலாவாகவே இருக்கட்டும்.

கோலம் என்று சொல்வதில் ஒரு வசதி. முற்றத்தில் புள்ளி வைத்து நாம் கோடு இழுக்கிறோம். வானத்தில் புள்ளி மட்டும்தான் உண்டு, கோடு இழுப்பது நம் கண். இரவில் கோட்டைக்குக் கீழே கடற்கரையில் நின்று பாருங்கள். கிட்டத்தில் ஒரு மீன்பிடி வள்ளத்தின் விளக்கு, அதற்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலின் விளக்கு, கொட்டியாரக்குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர் வெளிச்சம். மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம் போலத் தெரியும். வள்ளக்காரருக்கும் கப்பல்காரருக்கும் மூதூரில் குசினி லைட்டைப் போட்டவருக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் நிற்கிற இடத்தில் இருந்து பார்ப்பதால் வந்த முக்கோணம் அது. பத்து கிலோமீற்றர் தள்ளி நின்றால் கலைந்துவிடும்.

வேட்டைக்காரன் என்கிற ஓரியன் கோலமும் அப்படித்தான். அதன் ஒரு தோளில் இருக்கிற திருவாதிரை சுமார் 600 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. மற்றத் தோள் சுமார் 250. காலில் மினுங்குகிற ரைஜெல் சுமார் 860. (ஒளி ஒரு வருடத்தில் ஓடுகிற தூரம்தான் ஒளியாண்டு, ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர்.) ஒன்றை ஒன்று அறியாத அந்நியர்களைக் கூட்டி வைத்து நாம் ஒரு வேட்டைக்காரனைச் செய்திருக்கிறோம்.

ஆனாலும் கோலங்கள் வீண்வேலை கிடையாது. அவை விலாசம். சர்வதேச வானியல் ஒன்றியம் 1922இல் வானத்தில் 88 கோலங்கள் என்று பட்டியல் போட்டது. பெல்ஜியத்தைச் சேர்ந்த யூஜின் டெல்போர்ட் என்பவர் ஒவ்வொன்றுக்கும் எல்லை கீறி, அது 1930இல் வெளியானது. வானத்துக்குக் கிராம சேவகர் பிரிவு பிரித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். “அந்த நெபுலா வேட்டைக்காரனில் இருக்கிறது” என்றால் அந்தப் பிரிவுக்குள் தேடு என்று பொருள். நம் பன்னிரண்டு ராசிகளின் பெயர்களும் இந்த 88க்குள் உண்டு, ஆனால் பஞ்சாங்க ராசி ஒவ்வொன்றும் சரியாக 30 பாகை. வானத்துக் கோலங்களோ ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இரண்டையும் ஒன்றாக்கிச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

அடுத்தது நெபுலா. அது கண்ணின் வேலை கிடையாது, நிஜமாகவே அங்கே கிடக்கிற பொருள். வாயுவும் தூசியும் சேர்ந்த முகில். நட்சத்திரம் பிறக்கிற இடமாக இருக்கலாம், செத்த இடமாகவும் இருக்கலாம். முகில் என்றவுடன் மழை முகில்போலத் திரட்சியாக நினைக்க வேண்டாம். சாதாரண ஆய்வுகூடத்தில் நாம் உண்டாக்குகிற வெற்றிடத்தைவிட ஐதானது. பல ஒளியாண்டு ஆழம் இருப்பதால்தான் தூரத்தில் இருந்து பார்க்கும்போது முகிலாகத் தெரிகிறது.

பேரடை என்பது ஊர். கோடானுகோடி நட்சத்திரங்கள், அவற்றுக்கு இடையில் கிடக்கிற நெபுலாக்கள், கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள், எல்லாம் ஒன்றின் ஈர்ப்பில் ஒன்று கட்டுண்டு கிடக்கிற பேரூர். நம் ஊரின் பெயர் பால்வீதி. குறுக்களவு சுமார் 1 இலட்சம் ஒளியாண்டு. பத்தாயிரம் கோடியில் இருந்து நாற்பதாயிரம் கோடி நட்சத்திரம் வரை இருக்கலாம் என்று கணக்கு. நடுவில் இருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி நம் சூரியன் குடியிருக்கிறது. ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவர அதற்கு இருபத்திரண்டு, இருபத்தைந்து கோடி வருடம் போகும்.

ஆக, விலாசம், முகில், ஊர். வெறும் கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு தனி நட்சத்திரமும், அநேகமாக எல்லா நெபுலாவும் நம் ஊருக்குள்ளேதான். வேற்றூர் பார்க்க வேண்டுமென்றால் இந்த வெள்ளிகளுக்கு, அதாவது நட்சத்திரங்களுக்கு, இடையால் எட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் நான் வகுப்பில் ஒரு கடுகுக் கணக்குச் சொல்வதுண்டு. சூரியனை 2 மில்லிமீற்றர் கடுகு ஒன்றாகச் சுருக்கி, கோணேசர் கோயில் வாசலில் வையுங்கள். அடுத்த நட்சத்திரமான புரொக்ஸிமா சென்டோரி, 4.24 ஒளியாண்டு, எங்கே வரும்? சுமார் 58 கிலோமீற்றர் தள்ளி. கந்தளாயைத் தாண்டி ஹபரணைக்குப் போகிற காட்டுப் பாதையில் எங்கோ ஒரு சின்னக் கடுகு. இடையில் ஒன்றுமே இல்லை. இப்போது அளவை மாற்றி, பால்வீதி முழுவதையும் ஒரு தோசைக்கல் ஆக்குங்கள். பக்கத்துப் பெரிய பேரடையான அன்ட்ரோமீடா 25 தோசைக்கல் தூரத்தில் வரும். ஒரு வகுப்பறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் உள்ள தூரம்தான்! நட்சத்திரங்கள் ஒன்றை ஒன்று எட்டவே முடியாத தனிமையில் கிடக்கின்றன, பேரடைகளோ தம் உடம்பளவுக்குப் பார்த்தால் அயலட்டைபோல நெருங்கி இருக்கின்றன. பிள்ளைகள் இதை நம்ப மாட்டார்கள். கணக்கைப் போட்டுக் காட்டினால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

நெபுலாவையும் பேரடையையும் பிரித்தறிய உலகத்துக்கே நீண்ட காலம் எடுத்தது. உங்கள் மகளுக்கு இது ஆறுதலாக இருக்கும். நெபுலா என்பது முகில் என்று பொருள்படும் இலத்தீன் சொல். பழைய காலத்தில் வானத்தில் மங்கலாகத் தெரிந்த எதையும் அப்படித்தான் சொன்னார்கள். பாரசீக வானியலாளர் அல்-சூஃபி 964ஆம் ஆண்டிலேயே அன்ட்ரோமீடாவைச் சிறு முகில் என்று குறித்துவைத்தார். பிரான்சில் சார்ல்ஸ் மெசியே வால்வெள்ளி தேடுகிறவர். வால்வெள்ளி என்று நம்பிப் பலமுறை ஏமாந்ததால், ஏமாற்றுகிற மங்கல்களுக்கெல்லாம் இலக்கம் போட்டு ஒரு பட்டியல் செய்தார், முதல் பகுதி 1774இல் வந்தது. அந்தப் பட்டியலில் எம் 31 ஒரு பேரடை, எம் 42 ஒரு நெபுலா, எம் 45 நம் கார்த்திகை. அவருக்கு எல்லாம் ஒரே தொல்லை!

1864இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹகின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். நட்சத்திர ஒளி என்றால் தொடர்ச்சியான பட்டை தெரிய வேண்டும். இங்கே தனித்தனி ஒளிக்கோடுகள்தான் தெரிந்தன. அப்படி ஒளிர்வது வாயு. சரி, அப்போது சில மங்கல்கள் உண்மையிலேயே முகில்தான். மற்றவை? 1920இல் வாஷிங்டனில் ஹார்லோ ஷாப்லியும் ஹீபர் கேர்டிஸும் இதைப் பற்றி எதிரெதிரே நின்று வாதாடினார்கள். முடிவு வரவில்லை.

முடிவைக் கொண்டுவந்தது ஒரு போட்டோத் தகடு. 1923 ஒக்டோபரில் எட்வின் ஹபிள், மவுண்ட் வில்சனில் இருந்த 100 அங்குலத் தொலைகாட்டியால் அன்ட்ரோமீடாவைப் படம் எடுத்தார். புதிதாகத் தெரிந்த ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் “நோவா” (திடீரென்று பிரகாசித்து மங்குகிற வெள்ளி) என்பதன் முதல் எழுத்தைக் குறித்தார். பிறகு பழைய தகடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது கூடிக் குறைந்து மினுங்குகிறது. முதலில் எழுதியதை வெட்டிவிட்டு, மாறும் வெள்ளி என்பதற்கான சுருக்கத்தை ஆச்சரியக்குறியோடு எழுதினார். ஏன் அந்த ஆச்சரியக்குறி? அந்த வகை மாறுவெள்ளி எத்தனை நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது என்று தெரிந்தால் அதன் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும், பிரகாசம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். இந்தத் திறப்பைச் செய்து வைத்தவர் ஹென்ரியேட்டா லெவிட் என்ற பெண். ஹார்வர்டில் குறைந்த சம்பளத்துக்குத் தகடுகளை எண்ணிக்கொண்டிருந்தவர், 1912இல் இதை எழுதினார். ஹபிள் போட்ட கணக்கில் சுமார் 9 இலட்சம் ஒளியாண்டு வந்தது. இன்றைய கணக்கு 25 இலட்சம். எப்படிப் பார்த்தாலும் நம் ஊர் எல்லைக்கு எவ்வளவோ வெளியே. எனக்கு விட்டால் பிற்காலத்தில் ஹபிளின் பெயரில் விண்ணுக்கு அனுப்பிய தொலைகாட்டிக்கு லெவிட்டின் பெயரை வைத்திருப்பேன், அது கிடக்கட்டும்.

இனி, எங்கே எப்போது பார்ப்பது.

என் சிபாரிசு மகா சிவராத்திரி. பக்திக்காகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். சிவராத்திரி எப்போதும் அமாவாசைக்கு ஓரிரு நாள் முந்திய இரவு. நிலா விடியற்காலையில்தான் மெல்லிய கீற்றாக வரும். மாசி மாதம் என்பதால் வாடைக்காற்று மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டதுபோல இருக்க வாய்ப்பு அதிகம். ஊரே எப்படியும் விழித்திருக்கிறது, பிள்ளை நித்திரை கொள்ளவில்லை என்று யாரும் ஏச மாட்டார்கள். எல்லாவற்றையும்விட, அந்த ஒரே இரவில் அநேகமாக முழு வானமும் நம் தலைக்கு மேலால் போய்விடும். திருகோணமலை வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரமும் இங்கே தெரியும், தென்சிலுவையும் தெரியும். லண்டன்காரருக்கு இரண்டாவது கிடையாது, சிட்னிக்காரருக்கு முதலாவது கிடையாது.

கோணேசர் மலையில் அன்றைக்கு வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். நான் முதற்சாமப் பூசையைப் பார்த்துவிட்டுச் சல்லிப் பக்கத்துக் கடற்கரைக்குப் போய்விடுவேன். பாய் ஒன்று, போத்தலில் பிளேன்டீ, டோர்ச்சுக்குச் சிவப்புத் தாள். போனைப் பையில் போட்டுவிட வேண்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும், ஒரு தடவை போனைப் பார்த்தால் மறுபடி முதலில் இருந்து. கீழே சொல்கிற நேரங்கள் பெப்ரவரிக் கடைசியை வைத்துச் சொன்னவை. சிவராத்திரி முந்தி வந்தால் கொஞ்சம் பிந்தும், பிந்தி வந்தால் முந்தும்.

ஏழரை மணிக்கு முதல் வேலை வடமேற்கு. அன்ட்ரோமீடா அங்கே இறங்கிக்கொண்டிருக்கும். நீட்டிய கையின் மடக்கிய முட்டி பத்துப் பாகை, அப்படி ஒன்றரை முட்டி உயரத்தில் தேடுங்கள். நேரே உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், கொஞ்சம் பக்கத்தில் பார்த்தால் ஓரக்கண்ணில் ஒரு பஞ்சுத் துணுக்காகத் தெரியும். கண்ணின் ஓரம்தான் மங்கல் வெளிச்சத்தை நன்றாகப் பிடிக்கும். அந்த ஒளி கிளம்பி 25 இலட்சம் வருடம், அப்போது நம் மனித இனமே இல்லை. தவறவிட்டால் கவலைப்பட வேண்டாம், புரட்டாதியில் ஒன்பது பத்து மணிக்கு வடகிழக்கில் இதைவிட வசதியாகத் தெரியும்.

அதே நேரம் தெற்கே அகத்தியர் வெள்ளி தெரியும். அதற்குக் கீழே, அடிவானத்தில் இருந்து ஒரு முட்டிக்குச் சற்று மேலே, பெரிய மகெல்லன் முகில். பெயர்தான் முகில், ஆள் ஒரு குட்டிப் பேரடை, சுமார் 1,60,000 ஒளியாண்டு. 1987 பெப்ரவரியில் அதற்குள் ஒரு நட்சத்திரம் வெடித்து வெறும் கண்ணுக்கே தெரிந்தது. சல்லியில் நின்றால் அந்தத் திசையில் நகர வெளிச்சம் கெடுத்துவிடும். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு யோகம். எனக்கு இதுவரை ஒரே ஒரு தடவைதான் அகப்பட்டிருக்கிறது.

இப்போது உச்சிக்குத் திரும்புங்கள். வேட்டைக்காரன் நிற்பான். நடுவில் இடுப்புப் பட்டிபோல மூன்று வெள்ளி வரிசை. அதில் மேற்கே முன்னால் போகிற மின்டாகா வானத்தின் நடுக்கோட்டில் இருப்பதால், எந்த நாளிலும் ஏறத்தாழ நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். கடலில் திசை தெரிய வேண்டியவர்களுக்கு இதைவிட நல்ல சாமான் இல்லை. ஐப்பசியில் ஒரு நாள் இரவு பத்து மணிவாக்கில் கிழக்குக் கடலைப் பார்த்துக்கொண்டிருங்கள், அடிவானத்தில் முகில் இல்லாவிட்டால் முதலில் அவர் ஏறுவார், பத்து நிமிடத்துக்குள் மற்ற இருவரும் பின்னால் வந்துவிடுவார்கள். முதலில் வள்ளத்து விளக்கு என்றுதான் நினைப்பீர்கள், கொஞ்ச நேரத்தில் அது தண்ணீரை விட்டு எழும்பும்.

பட்டிக்குக் கீழே ஒரு வாள் தொங்குகிறது, மூன்று மங்கல் புள்ளி. நடுப்புள்ளி மட்டும் கூராக இராது, கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி இருக்கும். அதுதான் எம் 42, ஓரியன் நெபுலா. சுமார் 1,340 ஒளியாண்டு தூரம், 24 ஒளியாண்டு அகலம். பைனாகுலரை வைத்தால் அந்த மூச்சு ஒரு வௌவால் செட்டைபோல விரியும், நடுவில் சில சின்ன ஒளிப்பொட்டுகள். அவை அந்த முகிலில் பிறந்த குழந்தைகள், பத்து இலட்சம் வருட அளவு வயது. சூரியனுக்கு 460 கோடி. குழந்தைகளின் புறஊதா ஒளி பட்டுத்தான் சுற்றியுள்ள ஐதரசன் ஒளிர்கிறது. ஹபிள் விண்தொலைகாட்டி அதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட தூசித் தட்டுகளைக் கண்டிருக்கிறது, கிரகங்கள் உருவாகிற பருவத்துத் தட்டுகள்.

என் தங்கையின் மகன் முதன்முதலில் இதைப் பார்த்துவிட்டு, “மாமா, இது சாம்பலாக் கிடக்கு, நெட்டில ரோஸ் கலரெல்லோ” என்றான். நியாயமான முறைப்பாடு. மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்கிற நம் கண்ணின் கலங்களுக்கு நிறம் தெரியாது. கமெரா பல நிமிடம், பல மணி நேரம் ஒளியைச் சேமித்து அந்த ரோஸ் நிறத்தை எடுக்கிறது. நிறம் பொய் கிடையாது, நம் கண்ணுக்கு எட்டவில்லை.

வேட்டைக்காரனுக்கு மேற்கே போனால் ரோகிணியும் கார்த்திகையும். இங்கே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ரோகிணி ஒரு ‘வி’ எழுத்துக் கூட்டத்தின் நுனியில் இருக்கும். அந்தக் கூட்டம் உண்மையான குடும்பம், சுமார் 150 ஒளியாண்டு. ரோகிணி அந்தக் குடும்பத்து ஆளே இல்லை, 65 ஒளியாண்டில் நடுவழியில் நின்று கலியாணப் படத்துக்குள் தலையை நீட்டிய ஆள்! கார்த்திகை அப்படியில்லை, ஒரே முகிலில் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட உடன்பிறப்புகள், சுமார் 440 ஒளியாண்டு. நம் கண்ணுக்கு ஆறு தெரிவதால் பழைய தமிழில் அறுமீன். இப்படிக் கொத்தாக இருப்பவை கோலமும் கிடையாது, பேரடையும் கிடையாது. நட்சத்திரக் கொத்து என்று நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பத்து மணிக்குப் பிறகு வடக்கில் சப்தரிஷிகள் எழும்புவார்கள். வசிட்டருக்குப் பக்கத்தில் அருந்ததி தெரிந்தால் கண் நன்றாக இருக்கிறது. கலியாண வீட்டில் பகலில் அம்மி மிதித்துக் காட்டுகிற அருந்ததியை உண்மையில் பார்க்கக்கூடியது இந்த நேரத்தில்தான். கீழே, எட்டரைப் பாகை உயரத்தில், துருவ நட்சத்திரம். நம் ஊரின் அகலாங்கு எவ்வளவோ அவ்வளவே அதன் உயரம்.

நடுச்சாமம் தாண்டியதும் தெற்கே கரீனா நெபுலா உச்சம் தொடும், இரண்டு முட்டி உயரம். ஓரியன் நெபுலாவைவிடப் பரப்பில் பெரியது, ஆனால் வடக்கத்தியர் கண்ணுக்கு எட்டாததால் புத்தகங்களில் புகழ் குறைவு. அதற்குள் இருக்கிற ஈட்டா கரீனா என்ற நட்சத்திரம் 1843இல் திடீரென்று பொங்கி, சில காலம் சிரியசுக்கு அடுத்த பிரகாசமான வெள்ளியாக இருந்தது. 2022 யூலையில் ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியின் முதற்படங்களில், தங்க நிற மலைத்தொடர்போல ஒன்று எல்லாப் பத்திரிகையிலும் வந்ததே, அது இந்த நெபுலாவின் ஒரு ஓரம். சித்திரைப் புத்தாண்டு நாட்களில் இரவு ஒன்பது மணிக்கே பார்க்கலாம்.

இரண்டு மணிக்குத் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதன் இடது கீழ்ப்பக்கத்தில் வானத்தில் ஓட்டை விழுந்த மாதிரி ஒரு கறுப்பு. அதுவும் நெபுலாதான், கரிமூட்டை என்று பெயர். ஒளிராத தூசி, பின்னால் இருக்கும் வெள்ளிகளை மறைக்கிறது. அதே நேரம் நேர் உச்சியில் கன்னி. அங்கே வெறும் கண்ணுக்குப் பேரடை எதுவும் தெரியாது. ஆனால் அந்த இருட்டுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பேரடைகள் கூட்டமாக இருக்கின்றன. 2019 ஏப்ரல் 10ஆம் திகதி முதன்முதலில் படம் காட்டப்பட்ட கருந்துளை, சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தூரத்து எம் 87 பேரடையின் நடுவில் இருப்பது, இந்தக் கன்னிக்குள்தான்.

நாலரை மணி. எல்லாரும் அசந்துபோய் இருக்கிற நேரம், ஆனால் இதற்காகத்தான் நான் விழித்திருப்பது. தென்கிழக்கில், சல்லியில் நின்றால் கடலுக்கு மேலே, தேள் எழும்பி இருக்கும். நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை, வால் கொடுக்கில் மூலம். கொடுக்குக்குச் சற்றுக் கீழே பால்வீதி தடித்து, புகைபோல, நடுவில் கறுப்புக் கீறலோடு நிற்கும். அந்தத் தடிப்புத்தான் நம் பேரடையின் மையத் திசை. தட்டையான ஊருக்குள் குடியிருந்துகொண்டு ஊரை விளிம்புவாக்கில் பார்க்கிறோம், அதனால்தான் பட்டையாகத் தெரிகிறது. கறுப்புக் கீறல் தூசி. அந்தத் தூசிக்கு அப்பால் 40 இலட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது, 2022 மேயில் அதன் படமும் வந்தது. இந்தக் காட்சியை முன்னிரவில் வேண்டுமென்றால் ஆடி அமாவாசை. காலையில் தீர்த்தமாடி விரதம் முடித்தவர்கள் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பார்த்தால் போதும். கச்சான் காற்று அடிக்கிற காலம் (கொறிக்கிற கச்சான் இல்லை), மணல் பறக்கும், வானம் தெளிவாக இருக்கும்.

சரி, தொலைகாட்டி. எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. பல வருடத்துக்கு முன் கொழும்பில் ஒரு கடையில், பெட்டியில் “525 மடங்கு” என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து மயங்கி வாங்கினேன். கால்கள் தும்பியின் கால்கள். காற்று அடித்தால் நிலாவே துள்ளும். ஓரியன் நெபுலாவைத் தேடிப் பிடிப்பதற்குள் அது நகர்ந்து போய்விடும். மடங்கு பெரிதானால் படமும் மங்கும், தெரிகிற வானமும் சுருங்கும். பேரடைக்கும் நெபுலாவுக்கும் வேண்டியது ஒளியைக் கூட்டிச் சேர்க்கிற அகன்ற கண்ணாடி, பெரிய மடங்கு அல்ல. அன்ட்ரோமீடா வானத்தில் முழுநிலாவைவிடப் பல மடங்கு நீளம், அதற்கு 525 எதற்கு? முதலில் ஒரு 7×50 அல்லது 10×50 பைனாகுலர் வாங்குங்கள். முதல் இலக்கம் மடங்கு, இரண்டாவது முன்கண்ணாடியின் மில்லிமீற்றர். சாய்மனைக் கதிரையில் படுத்து, முழங்கையைக் கதிரைக் கையில் ஊன்றிப் பார்த்தால் ஆட்டம் குறையும். திசை பிடிக்க ஸ்டெல்லாரியம் என்ற செயலி இருக்கிறது, அதில் இரவுக்கான சிவப்புத் திரையை மறக்காமல் போடுங்கள்.

பெரிய தொலைகாட்டி ஒன்றை மகள் பார்க்க ஆசைப்பட்டால், மொறட்டுவையில் உள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்றிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. விஞ்ஞானக் கதை எழுதிய அந்தக் கிளார்க் 1956இல் நம் கோணேசர் மலைக்குக் கீழே கடலில் சுழியோடி, பழைய கோயிலின் தூண்களைப் பார்த்த அதே ஆள்.

பைனாகுலர் வாங்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். இன்றைக்கு நிலா எத்தனை மணிக்கு என்று பஞ்சாங்கத்தில் பாருங்கள், நிலா இல்லாத நேரமாகப் பார்த்து, வளவு லைட்டை நிறுத்திவிட்டு, மகளையே சொல்லவிடுங்கள், எது விலாசம், எது முகில், எது ஊர் என்று. சாம்பல் நிறமாகத்தான் தெரியும் என்பதை மட்டும் முதலே சொல்லிவையுங்கள்.